பிரிட்டனில் மடக்குக் கத்தி: வாங்கும் முன்பும் பையில் போடும் முன்பும் தெரிந்துகொள்ள வேண்டியவை

படிக்கவோ வேலைக்கோ பிரிட்டன் வந்து இறங்கிய சில வாரங்களில் சின்னதாக ஒரு மடக்குக் கத்தி வேண்டியிருக்கும். பார்சல் டேப்பை அறுக்க, அரிசி மூட்டையின் தையலைப் பிரிக்க, ரயிலில் ஒரு ஆப்பிளை நறுக்க. ஊரில் இதற்கு யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. சந்தையில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம். இங்கே அதே பழக்கத்தில் நடந்தால், யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காதவர் கூடக் குற்றப்பதிவோடு நிற்க நேரும்.

நான் வாங்கப் புறப்பட்டபோது கடைக்குக் கடை வேறு பதில் கிடைத்தது. மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் எதையும் வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். கத்தி என்றாலே ஜெயில் என்றார் இன்னொருவர். கூட வேலை செய்தவர்கள் கேள்விப்பட்டதைச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் பாதிதான் உண்மை என்பது சட்டப் பிரிவுகளையும் அரசு வெளியிட்ட விளக்கங்களையும் உட்கார்ந்து படித்த பிறகுதான் தெரிந்தது. அடுத்து வருபவர் அந்த அலைச்சல் படாமலிருக்க இதை எழுதுகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தை வைத்தே எழுதியிருக்கிறேன். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் அடிப்படை விதி இதேதான். ஸ்காட்லாந்தில் தண்டனை இன்னும் கூடுதல்.

1. எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

"இரவு வேலை முடிந்து தனியாக வருகிறேன், ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்ற எண்ணம் மனதில் இருந்தால், கத்தி வாங்குவதை இங்கேயே நிறுத்திவிடுங்கள். 9ஆவது பகுதிக்குப் போங்கள். பாதுகாப்புக்கு வேறு வழிகளை அங்கே சொல்லியிருக்கிறேன்.

1953ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டத்தின்படி, பிறரைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு பொது இடத்தில் வைத்திருக்கும் எந்தப் பொருளும் ஆயுதம்தான். யாராவது தாக்கினால் திருப்பித் தாக்குவதற்கு என்று வைத்திருந்தாலும் அந்த நோக்கம்தான். இரண்டு அங்குலப் பேனாக் கத்தி, ஸ்க்ரூ டிரைவர், ஏன், கூராகத் தீட்டிய சீப்புக் கூட இதில் அடங்கும். ஆகவே முழுக்க முழுக்கச் சட்டப்படியான ஒரு கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு, "என் பாதுகாப்புக்கு" என்று போலீஸிடம் சொன்னால், அந்த ஒரு வாக்கியமே உங்கள் மேல் வழக்குப் போடப் போதுமானது. அதிகபட்சத் தண்டனை 4 ஆண்டுச் சிறை. பொதுவாக எப்போதும் பயமாக இருக்கிறது என்பதை நீதிமன்றங்கள் நியாயமான காரணமாக ஏற்பதில்லை.

சட்டத்தை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் பார்த்தாலும் இது உதவாது. இங்கே பையில் வைத்துக்கொள்ள அனுமதியுள்ள கத்தியில் பூட்டு இருக்காது. பெரும்பாலானவற்றை நகத்தால் இழுத்து, இரண்டு கைகளாலும் திறக்க வேண்டும். முனையை எதிலாவது அழுத்திக் குத்தினால் அலகு மடங்கி உங்கள் விரல்களின் மேலேயே மூடும். தாக்க வருபவரின் எதிரில் நின்று இதைத் திறந்துகொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் ஓடித் தப்பியிருக்கலாம். கத்தி வெளியே வந்த பிறகு, போனைப் பறிக்க வந்தவன் உயிரை எடுக்கும் நிலைக்குப் போகிறான்.

ஆகவே இனி சொல்வதெல்லாம் கத்தியை ஒரு கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு.

2. பையில் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பது எது

1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், பிரிவு 139. பொது இடத்தில் கூரான, முனையுள்ள எதையும் நியாயமான காரணமின்றி வைத்திருப்பது குற்றம் என்கிறது அது. விலக்கு ஒன்றே ஒன்றுதான்: மடக்கக்கூடிய பேனாக் கத்தி. அதிலும் இரண்டு நிபந்தனைகள் உண்டு.

ஒன்று, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அதாவது 7.62 செ.மீ.

இரண்டு, எந்த நேரத்திலும் உடனே மடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். திறந்ததும் அலகு பூட்டிக்கொண்டு, ஒரு பொத்தானையோ தகட்டையோ வளையத்தையோ நகர்த்தினால்தான் மடங்கும் என்றால் அது இந்த விலக்குக்குள் வராது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் டீகன் வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. பூட்டுள்ள கத்தி இரண்டு அங்குலமே இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் சமையலறைக் கத்தியும் அதுவும் ஒன்று.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவது நிபந்தனையில்தான். அளவை எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். பூட்டைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

பொது இடம் என்றால் தெரு மட்டும் என்று நினைக்காதீர்கள். ரயில், பேருந்து, கடை, உணவகம், காசு கொடுத்து உள்ளே போகும் திரையரங்கு எல்லாம் பொது இடம்தான். சாலையில் நிற்கும் உங்கள் காரின் டேஷ்போர்டு அறையில் ஒரு கத்தி இருந்தால், அதுவும் உங்களிடம் இருப்பதாகவே கொள்ளப்படும். "போன வாரம் வைத்தேன், மறந்துவிட்டேன்" என்பதை மட்டும் சொல்லித் தப்ப முடியாது.

மற்ற எல்லாக் கத்திகளுக்கும் காரணம் வேண்டும். வேலை, சமயம், தேசிய உடை ஆகிய மூன்றையும் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சீக்கியர்களின் கிர்பான் அப்படித்தான் அனுமதிக்கப்படுகிறது. காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதை மறக்க வேண்டாம்.

3. கடையில் கையில் எடுத்துச் சோதிக்கும் முறை

இணையத்தில் வாங்கும் எண்ணமிருந்தாலும் முதல் கத்தியை ஒரு கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். முகாம் (கேம்பிங்) பொருட்கள் விற்கும் கடைகளிலும் பழைய பாணி இரும்புச் சாமான் கடைகளிலும் கிடைக்கும்.

அலகை முழுதாகத் திறந்து, கூர் விளிம்பின் பக்கம் விரல் படாமல் பிடியைப் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மறு கையால் மெல்ல அழுத்துங்கள். வில்லின் (ஸ்பிரிங்) இழுப்பைத் தாண்டி அப்படியே மடங்கினால் பூட்டில்லாத கத்தி. மடங்காமல் நின்றால் எங்கோ பூட்டு இருக்கிறது. சில கத்திகளில் பூட்டு பிடிக்குள் ஒளிந்த மெல்லிய தகடாக இருக்கும். பார்த்தால் தெரியாது, அழுத்தினால்தான் தெரியும். சந்தேகமிருந்தால் "நான்-லாக்கிங்" என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து அளவு. கூர் தீட்டிய பகுதியை அளவுகோலால் அளந்து பாருங்கள். மூன்று அங்குலத்தை ஒட்டி நிற்கும் கத்தி எதையும் வாங்காதீர்கள். போலீஸ்காரரின் அளவுகோலும் உங்கள் அளவுகோலும் ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டால் கஷ்டம் உங்களுக்குத்தான். இரண்டரை அங்குலத்தில் செய்ய முடியாத அன்றாட வேலை எதுவும் இல்லை.

பிறகு அலகை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். வில் நன்றாக இறுக்கமாக இருக்க வேண்டும். லொடலொடவென்று ஆடும் மலிவுக் கத்தி பையிலேயே திறந்துகொண்டு கையைக் கிழிக்கும். பூட்டில்லாத கத்தியில் உங்கள் விரலைக் காப்பது அந்த வில் ஒன்றுதான், அதனால் இதில் காசு பார்க்க வேண்டாம்.

4. எதை வாங்கலாம்

விலைகள் கடைக்குக் கடை மாறும். கீழே தோராயமாகத்தான் சொல்கிறேன்.

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது விக்டோரினாக்ஸின் 91 மி.மீ. வரிசை. ஸ்பார்ட்டன், கிளைம்பர் போன்றவை இதில் வரும். 25 முதல் 40 பவுண்டு ஆகும். பெரிய அலகு, சின்ன அலகு, டின் திறப்பான், பாட்டில் திறப்பான் எல்லாம் இருக்கும். கிளைம்பரில் கத்தரிக்கோலும் உண்டு. கத்தியைவிட அதைத்தான் அதிகம் பயன்படுத்துவீர்கள். அலகில் பூட்டில்லை, அளவும் உள்ளே. துருப்பிடிக்காத எஃகு. இன்னொரு நன்மை, எவர் பார்த்தாலும் இது ஒரு கருவி என்று புரியும். அலுவலகத்தில் எடுத்து உறை பிரித்தால் யாரும் பின்வாங்க மாட்டார்கள்.

சாவிக்கொத்தில் தொங்கவிட மட்டும் வேண்டுமானால் அதே நிறுவனத்தின் 58 மி.மீ. கிளாசிக் போதும். 20 பவுண்டை ஒட்டிக் கிடைக்கும். டேப், நூல், உறை எல்லாவற்றுக்கும் போதுமானது. மாணவர் விடுதியில் இருப்பவருக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் கருத்து.

பழம் நறுக்கவும் மதிய உணவுக்கும் ஒரே ஒரு நல்ல அலகு போதும் என்பவர்கள், ஷெஃபீல்ட் நகரில் செய்யும் மரப்பிடி அல்லது கொம்புப்பிடிக் கத்திகளைப் பாருங்கள். 30 பவுண்டில் தொடங்கும். அதில் "லாம்ப்ஸ்ஃபுட்" என்ற வடிவம் கேட்டு வாங்குங்கள். விளிம்பு நேராகவும் முனை மழுங்கலாகவும் இருக்கும். அட்டை அறுக்க, பழம் நறுக்க மிக வசதி, குத்தும் முனை இல்லாததால் பார்ப்பவருக்கும் அச்சம் வராது.

இனி மாட்டிவிடும் பெயர்கள். இவை எல்லாம் நல்ல கத்திகள்தான், பையில் வைத்து நடப்பதற்குத்தான் ஆகாதவை.

ஒப்பினல் எண் 8. பிரான்ஸில் செய்யும் அழகான மரப்பிடிக் கத்தி, விலை குறைவு, எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். ஆனால் அலகு 8.5 செ.மீ., மேலும் சுழலும் வளையப் பூட்டு இருக்கிறது. இரண்டு நிபந்தனைகளிலும் தவறுகிறது. எண் 6இலிருந்து மேலே எல்லாவற்றிலும் வளையம் உண்டு. ஒப்பினல்தான் வேண்டுமென்றால் எண் 5 அல்லது அதற்குக் கீழே போங்கள். அவற்றில் வளையம் இல்லை.

விக்டோரினாக்ஸின் 111 மி.மீ. வரிசையில் பல மாடல்களில் அலகு பூட்டிக்கொள்ளும். அதே சிவப்பு நிறம், அதே சிலுவைச் சின்னம் என்பதால் குழப்பம் எளிது.

லெதர்மேன் பல்கருவிகள். வேவ் போன்ற புகழ்பெற்ற மாடல்களில் கத்தி அலகு பூட்டிக்கொள்ளும். இடுக்கியும் ஸ்க்ரூ டிரைவரும் கூடவே இருப்பது சட்டத்தில் எந்தச் சலுகையும் தராது.

விலை கூடிய இன்னொரு வகை, ஸ்பைடர்கோவின் யூகேபிகே போல, பிரிட்டன் சட்டத்துக்கென்றே பூட்டில்லாமல் செய்தவை. சட்டப்படி சரி. இருந்தாலும் ஒரே கையால் திறக்கும் அமைப்பும் கறுப்புப் பிடியும் கேள்விகளை வரவழைக்கும். புதிதாக வந்தவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

5. வாங்கும்போது கேட்கும் ஆவணங்கள், ஆகும் நேரம்

18 வயதுக்குக் குறைந்தவர்க்குக் கத்தி விற்பது குற்றம். 3 அங்குலத்துக்குள் உள்ள மடக்குக் கத்திக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனாலும் கடைக்காரர்கள் பொதுவாக அடையாள அட்டை கேட்பார்கள். 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் கட்டாயம் கேட்பார்கள். கோபப்பட வேண்டாம், தவறினால் வழக்கு அவர்கள் மேல் வரும்.

பாஸ்போர்ட் காட்டலாம். பழைய பிஆர்பி (இங்கே தங்குவதற்கான அனுமதி) அட்டைகள் 2024 டிசம்பர் 31ஓடு காலாவதியாகி, எல்லாம் இ-விசாவாக மாறிவிட்டதால் அதை நம்ப வேண்டாம். பாஸ்போர்ட்டைத் தினமும் தூக்கித் திரிவதைவிட தற்காலிக ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொள்வது நல்லது. இணையத்தில் விண்ணப்பித்தால் 34 பவுண்டு, தபால் வழியாக 43 பவுண்டு. இணைய விண்ணப்பத்துக்குச் சாதாரணமாக ஒரு வாரம். பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பச் சொன்னால் கூடுதலாகும். கத்தி வாங்குவதற்காக மட்டும் அல்ல, வேறு பல இடங்களிலும் கை கொடுக்கும் அட்டை அது.

இணையத்தில் வாங்கினால் பணம் கட்டும்போதும் வீட்டு வாசலிலும் வயது சரிபார்ப்பு இருக்கும். 2022 ஏப்ரல் முதல் விதிகள் இறுகிவிட்டன. வாசலில் வைத்துவிட்டுப் போகமாட்டார்கள். பார்சல் லாக்கருக்கும் பக்கத்து வீட்டுக்கும் அனுப்பச் சொல்லாதீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் பார்சல் திரும்பிப் போகும், பணம் திரும்ப வர நாளாகும்.

வெளிநாட்டு இணையச் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கிறது என்று மட்டும் வாங்காதீர்கள். அங்கே விற்பனைக்கு இருப்பதால் இங்கே சட்டப்படி சரி என்று ஆகாது. தடை செய்த வகையை வரவழைத்தால் அது இறக்குமதிக் குற்றம். எல்லையில் பிடித்து வைத்தபின் உங்கள் பெயரும் முகவரியும் அந்தப் பொட்டலத்தின் மேலேயே இருக்கும்.

வாங்கிய ரசீதைப் புகைப்படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. வீட்டுக்குள் கூட வைத்திருக்கக் கூடாதவை

பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தி, கையை உதறினால் திறக்கும் கத்தி, இரண்டு பிடிகள் பிரிந்து சுழலும் பட்டாம்பூச்சிக் கத்தி, முஷ்டிக்குள் பிடித்துக் குத்தும் கத்தி, பெல்ட் பக்கிள், லிப்ஸ்டிக், சீப்பு போன்ற பொருளுக்குள் ஒளித்த கத்தி, எல்லாம் தடை. 2021 ஜூலை முதல் இவற்றை வீட்டு அலமாரியில் வைத்திருப்பதே குற்றம். 2024 செப்டம்பர் 24 முதல் ஜாம்பி பாணிக் கத்திகளும், 2025 ஆகஸ்ட் 1 முதல் நிஞ்ஜா வாள்களும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

இதில் கவனிக்க வேண்டியது: கொஞ்சம் திறந்ததும் மீதியை உள்ளிருக்கும் ஸ்பிரிங் தள்ளித் திறக்கும் வகையும் 2021 மாற்றத்துக்குப் பின் தடைக்குள் வருகிறது. "அசிஸ்டட்" என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அன்போடு பரிசாகக் கொடுக்கும் கத்திகளில் இந்த வகை நிறைய உண்டு.

பூட்டுள்ள சாதாரண மடக்குக் கத்தியும் சமையலறைக் கத்தியும் வீட்டில் இருக்கலாம். வாசலைத் தாண்டும்போதுதான் காரணம் வேண்டும்.

7. வேலைக்குக் கொண்டுபோகும் கத்திகள்

உணவகச் சமையலறையிலும் கிடங்கிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் நிறைய. இந்தப் பகுதியை அவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

சமையல்காரரின் கத்திக்கு வேலை என்ற நியாயமான காரணம் உண்டு. ஆனால் அந்தக் காரணம் வேலைக்குப் போகும் வழிக்கும் திரும்பும் வழிக்கும்தான் பொருந்தும். ஷிஃப்ட் முடிந்து நண்பர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து பப்புக்குப் போய், நள்ளிரவில் பையில் எட்டு அங்குலக் கத்தியோடு நின்றால் காரணம் நிற்காது. விடுமுறை நாளில் அதே பையோடு கடைவீதிக்குப் போனாலும் நிற்காது.

முதல் யோசனை, முடிந்தால் கத்தியை வேலையிடத்து லாக்கரிலேயே வைத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு அலகுக்கும் உறை போட்டு, துணிச் சுருளில் சுற்றி, கட்டி, ஜிப் போட்ட பையின் அடியில் வையுங்கள். கை சட்டென்று எட்டும் இடத்தில், கோட்டுப் பையில், சைக்கிள் பையின் வெளி அறையில் வைக்கக் கூடாது. அன்றைய ஷிஃப்ட் விவரம் போனில் இருக்கட்டும். ஏஜென்சி வழியாக நாளுக்கொரு சமையலறைக்குப் போகிறவர்கள், அன்று எந்த முகவரியில் வேலை என்று வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். "இவர் இங்கே சமையல்காரர், தம் கத்திகளைக் கொண்டுவருகிறார்" என்று முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கி வைப்பதும் நல்லது. கடிதம் சட்டப் பாதுகாப்பு ஆகிவிடாது. நீங்கள் சொல்வது உண்மை என்று அங்கேயே காட்ட உதவும்.

கிடங்கு வேலைக்காரர்களுக்கு வேறு ஆபத்து. பெட்டி அறுக்கும் தள்ளு பிளேடு கட்டர், ஸ்டான்லி கத்தி இரண்டும் மடக்கும் பேனாக் கத்தி ஆகாது. அலகு ஒரு அங்குலமே வெளியே வந்தாலும் விலக்குக் கிடையாது. ஷிஃப்ட் முடியும்போது அது வேலை உடுப்பின் பையிலேயே தங்கிவிடும்; அப்படியே சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவோம். ஆகவே வேலையை விட்டுக் கிளம்பும்போது போன், சாவி பார்ப்பதோடு கட்டரையும் பார்த்து அங்கேயே வைத்துவிட்டு வருவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வேலையிடத்திலேயே கட்டர் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சொந்தமாக வாங்கவே வேண்டாம்.

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ சமையலறைக் கத்தி புதிதாக வாங்கினால் அட்டையைப் பிரிக்காமல், ரசீதோடு, நேராக வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஊரிலிருந்து அரிவாள்மனையோ தேங்காய் துருவியோ கொண்டுவருபவர்கள் அலகைத் தடித்த அட்டையால் சுற்றி, விமானத்தில் ஏற்றும் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். வீடு மாறும்போது கத்திகளை மற்றச் சமையல் பாத்திரங்களோடு ஒரே பெட்டியில் கட்டி டேப் ஒட்டுங்கள்.

முகாமுக்கும் மீன்பிடிக்கவும் போகும்போது பூட்டுள்ள கத்தி கொண்டுபோகலாம், அந்தப் பயணத்துக்கு மட்டும். திரும்பி வந்ததும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சட்டப்படியான சின்னக் கத்தியையும் சில இடங்களுக்குக் கொண்டுபோகாதீர்கள். நீதிமன்றம், நாடாளுமன்றம், கால்பந்து மைதானம், இசை நிகழ்ச்சி, பெரிய அருங்காட்சியகங்கள், பள்ளிக்கூடம். பைச் சோதனையில் வாங்கி வைத்தால் பல இடங்களில் திரும்பக் கிடைக்காது. பல்கலைக்கழகங்களின் ஒழுங்குவிதிகளும் சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கலாம், சேர்ந்தபோது கொடுத்த கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

8. போலீஸ் நிறுத்திச் சோதித்தால்

1984ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்தின் கீழ், உங்களிடம் ஆயுதமோ திருட்டுப் பொருளோ இருப்பதாகச் சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால் தெருவில் நிறுத்திச் சோதிக்கலாம். 1994ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின் பிரிவு 60 ஒரு பகுதியில் அமலில் இருப்பதாக அறிவித்திருந்தால் தனிப்பட்ட சந்தேகம்கூடத் தேவையில்லை. திருவிழாக் கூட்டங்களிலும், அருகில் கத்திக்குத்து நடந்த பின்பும் இப்படி அறிவிப்பார்கள்.

கைகளைப் பையிலிருந்து வெளியே எடுத்து அசையாமல் நில்லுங்கள். எடுத்துக் காட்டுகிறேன் என்று நீங்களே கத்தியை வெளியே எடுக்கவே கூடாது. "என் வலது பக்கப் பையில் ஒரு சிறிய பேனாக் கத்தி இருக்கிறது" என்று வாயால் மட்டும் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்டால் உண்மையான வேலையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அதிகாரி தம் பெயரையும் நிலையத்தையும், எதைத் தேடுகிறார், ஏன் தேடுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். சோதனையின் பதிவு நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்போதே வாங்க முடியாவிட்டால் 3 மாதத்துக்குள் கேட்கலாம். நிறுத்திச் சோதிக்கும்போது உங்கள் பெயர், முகவரி சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாக்குவாதம் வேண்டாம். தவறாக நடந்ததென்றால் நகலை வைத்துக்கொண்டு பிறகு புகார் செய்யலாம்.

கைது செய்தால் மூன்றைக் கேளுங்கள்: சொலிசிட்டர் (வழக்கறிஞர்), தமிழ் மொழிபெயர்ப்பாளர், வீட்டுக்குத் தகவல். நிலையத்தில் சொலிசிட்டர் ஆலோசனை உங்கள் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசம். மொழிபெயர்ப்பாளரும் இலவசம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரும் அந்தப் பதற்றத்தில் தாய்மொழியில் பேசுவது நல்லது. சொலிசிட்டர் வரும் வரை காத்திருந்தால் நேரமாகும் என்று யாராவது சொன்னாலும் காத்திருங்கள்.

"காஷன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னால், சொலிசிட்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். காஷன் என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது. வேலைக்கான டிபிஎஸ் (குற்றப்பதிவு) சோதனையிலும் அடுத்த விசா விண்ணப்பத்திலும் அது வந்து நிற்கலாம். விசா படிவத்தில் மறைத்தால் மறைத்ததே தனிக் காரணமாகி விண்ணப்பம் போய்விடும். குடியுரிமை இல்லாதவருக்கு 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்தால், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடுகடத்தல் நடவடிக்கை தொடங்கும். இரண்டாவது முறை இதே குற்றத்தில் தண்டனை பெறும் பெரியவர்களுக்குக் குறைந்தது 6 மாதச் சிறை. விலக்குத் தர வலுவான காரணம் நீதிபதிக்குத் தெரிய வேண்டும். ஒரு பெட்டி அறுக்கும் பிளேடுக்காக ஊரில் நிலத்தை அடமானம் வைத்து வந்த படிப்பைப் பணயம் வைக்காதீர்கள்.

9. அப்படியானால் பாதுகாப்புக்கு என்ன செய்வது

பயம் பொய்யில்லை. நள்ளிரவில் ஷிஃப்ட் முடிந்து ஆளில்லாத தெருவில் நடப்பவருக்கு அது தெரியும். ஆனால் மிளகு ஸ்ப்ரே கூட இங்கே 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி தடை செய்த ஆயுதம். ஊரிலிருந்து பெண் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பும் பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டச் சிக்கலே இல்லாத ஒரே பொருள் தனிநபர் அலாரம். ஊசியை இழுத்தால் காது கிழியும்படி அலறும். 10 பவுண்டை ஒட்டிக் கிடைக்கும், சில மாணவர் சங்கங்களில் இலவசம். பைக்குள் போடாமல் தோள்வாரில் வெளியே மாட்டுங்கள், கைக்கு எட்டினால்தான் பயன்.

இங்கே பெரும்பாலும் குறி வைப்பது போனைத்தான். கேட்டால் கொடுத்துவிட்டு விலகி ஓடுங்கள். முன்கூட்டியே *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்) எழுதி வீட்டில் வையுங்கள், தொலைவிலிருந்து பூட்டும் வசதியைப் போனில் இயக்கி வையுங்கள், வங்கிச் செயலிக்குத் தனிக் கடவு எண் போடுங்கள். நடைபாதையின் சாலையோரத்தில் போனைப் பார்த்தபடி நடக்காதீர்கள். சைக்கிளில் வந்து பறிப்பார்கள்.

இரவுப் பேருந்தில் கீழ்த்தளத்தில், ஓட்டுநர் அருகில் உட்காருங்கள். ரயிலில் தொந்தரவு என்றால் 61016க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ரயில்வே போலீஸுக்குப் போகும். அவசரத்துக்கு 999. பேச முடியாத நிலையில் மொபைலிலிருந்து 999 அழைத்து, கேட்கும்போது 55 அழுத்தினால் போலீஸுக்கு இணைப்பார்கள். 55 அழுத்துவதால் நீங்கள் இருக்கும் இடம் தானாகத் தெரிந்துவிடாது, ஆகவே இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

உண்மையிலேயே தாக்கப்பட்டால் உங்களைக் காக்கத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. அந்த நேரத்தில் கையில் இருந்த குடையோ பையோ வைத்துத் தடுப்பது வேறு. அதற்கென்று முன்பே எதையாவது தூக்கிக்கொண்டு வருவது வேறு.

10. பராமரிப்பும் ஊருக்குப் போகும்போதும்

பழமோ உணவோ நறுக்கிய பிறகு வெதுவெதுப்பான நீரில் கழுவி, மூட்டு உட்பட நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். மூட்டில் எப்போதாவது ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய். கார்பன் எஃகு அலகு இந்த ஈரக் குளிரில் சீக்கிரம் துருப்பிடிக்கும், புதியவர்கள் துருப்பிடிக்காத வகையையே வாங்குங்கள். இருபக்கச் சாணைக்கல் 15 முதல் 25 பவுண்டுக்குக் கிடைக்கும். மழுங்கிய கத்தியை அழுத்தி அறுக்கும்போதுதான் கை அதிகம் வெட்டுப்படுகிறது.

வேண்டாத கத்தியைக் குப்பையில் போடாதீர்கள். அட்டையில் நன்றாகச் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். பல ஊர்களில் அதற்கென்றே பூட்டிய இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன. கொண்டுபோகும் முன் எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று போலீஸின் அவசரமில்லாத எண்ணான 101க்கு அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள், வழியில் நிறுத்தினால் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நாளில், சாவிக்கொத்தில் தொங்கும் கிளாசிக்கையும் கழற்றிப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். பிரிட்டிஷ் விமான நிலையங்களில் கூரான அல்லது முனையுள்ள அலகுக்கும், 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகுக்கும் கைப்பையில் தடை. வழியில் மாறும் நாட்டிலும் சென்னையிலோ திருச்சியிலோ உள்நாட்டு விமானம் மாறும்போதும் சோதனை உண்டு. கைப்பையில் கத்தி இருந்தால் சோதனை மேடையில் விட்டுவிட்டு வர நேரும்.